பள்ளியை மூடுவதா, ஜன்னலைத் திறப்பதா?

ஒரு பள்ளியின் திட்டக்குழுவில் இருக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று அவர்கள் இப்போதே யோசித்து வைக்கப் பார்க்கிறார்கள். குழுவில் பாதிப் பேர், “தொற்று வந்தால் வகுப்பை மூடுவோம், கூட்டத்தைக் குறைப்போம், அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து வைப்போம்” என்கிறார்கள். மீதிப் பேர், “வகுப்பறைக் காற்றைச் சரிசெய்தால் மூடவே வேண்டியிருக்காது” என்கிறார்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதற்குப் போடுவது?

இதே கேள்வியை அலுவலகம் நடத்துபவர்களும், வீட்டில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்களும் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்த ஒன்று. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தபோது கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். பதினான்கு பேர் உட்கார்ந்திருந்த ஏசி அறை. கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஆரம்பத்தில் 560 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 560 பங்கு) காட்டியது, இருபது நிமிடத்தில் 1,300 ஆனது, ஐம்பது நிமிடம் முடியும்போது 2,100-ஐத் தொட்டது. அறை ஜில்லென்று, வாசனையாகக்கூட இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இடைவேளைக்கு எல்லோரும் வெளியே போனதும் கதவையும் அதற்கு எதிரே இருந்த இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தேன். கால் மணி நேரத்தில் 700-க்கு இறங்கிவிட்டது.

வெளிக்காற்றில் இந்த வாயு ஏறக்குறைய 420 பிபிஎம். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. அப்படியானால் 2,100 என்ற அளவுக்கு என்ன பொருள்? அந்த அறையில் நாங்கள் இழுத்த இருபத்து நான்கு மூச்சில் ஒன்று, ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய்வந்த காற்று. இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து மூடிய அறைகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

## எதை வைத்து ஒப்பிடுவது

இந்த விவாதம் பெரும்பாலும் “எது அதிகமாகப் பரவலைக் குறைக்கும்?” என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது. அது போதாது. நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. முடிவெடுத்த நாளிலிருந்து பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகும்?
2. அதை எத்தனை நாள் விடாமல் செய்ய முடியும்?
3. தினமும் யார் சிரமப்பட வேண்டும்? எல்லோருமா, பராமரிக்கும் ஓரிருவரா?
4. பில்லில் வராத செலவு என்ன, அது யார் தலையில் விழுகிறது?
5. நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாமலே அது வேலை செய்யுமா?

இரண்டாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏன் என்று போகப் போகப் புரியும்.

## கட்டுப்பாடுகள்: ஊரடங்கு, பள்ளி மூடல், கூட்டத்துக்கு வரம்பு

கட்டுப்பாடு வேலை செய்யும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1918-ல் ஃப்ளூ பரவியபோது அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரம் செப்டம்பர் 28 அன்று பெரிய அணிவகுப்பை நடத்த அனுமதித்தது. சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் நகரம் நோய் தலைகாட்டிய சில நாட்களிலேயே பள்ளி, திரையரங்கு எல்லாவற்றையும் மூடியது. அங்கே இறப்பின் உச்சம் பல மடங்கு தாழ்வாகவே இருந்தது. கோவிட் காலத்தில் நியூசிலாந்து 2020 மார்ச் கடைசியில் கடும் ஊரடங்கு போட்டு, ஜூன் 8 அன்று நாட்டில் நோயாளி யாரும் இல்லை என்று அறிவித்தது. ஐம்பது லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 2020 முழுவதும் கோவிடால் இறந்தவர்கள் 25 பேர்.

இன்னொன்றும் நடந்தது. உலகம் முழுவதும் ஆட்கள் வீட்டுக்குள் இருந்ததில் ஃப்ளூவே ஏறக்குறைய காணாமல் போனது. ‘பி யமகாட்டா’ என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் தென்படவே இல்லை. தடுப்பூசியிலிருந்தே அதை எடுத்துவிடும் அளவுக்குப் போய்விட்டது.

கட்டுப்பாட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. நோய் எச்சிலில் பரவுகிறதா, காற்றிலா, தொடுவதிலா என்று தெரியாத முதல் வாரங்களிலும் அது வேலை செய்யும். ஆட்கள் சந்திக்காவிட்டால் நோய்க்கு வழி எதுவாக இருந்தாலும் அடைபடும். ஜன்னலுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, அப்புறம்? செயின்ட் லூயிஸ் கதையின் மறுபாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. நவம்பரில் அங்கே கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். நோய் திரும்பி வந்தது, மறுபடி மூட வேண்டியதாயிற்று. கட்டுப்பாடு எடுத்த நாளோடு அதன் பலனும் நின்றுவிடும். அறையில் எதுவும் மாறியிருக்காது. அதே மூடிய வகுப்பறைக்குள்தான் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

பில்லில் வராத செலவோ மிகப் பெரிது. 2020-ல் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளிக்கூடம் மூடியது. போன் இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஏதோ படித்தார்கள். ஒரே போனை மூன்று பேர் பங்கிட்ட வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காசநோயைப் பாருங்கள்: 2019-ல் உலகில் 71 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது, 2020-ல் அது 58 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, கண்டறிவது குறைந்தது. மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள் இருமிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள், அதுவும் குடும்பத்தோடு ஒரே அறையில்.

இதில் சமமின்மையும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தவருக்குக் கட்டுப்பாடு ஒரு சங்கடம், அன்றாடக் கூலிக்காரருக்கு அது வருமானமே நின்றுபோவது. மூன்றாவது கேள்வியை வைத்துப் பார்த்தால் கட்டுப்பாடு எல்லோரையும், எல்லா நாளும், ஒவ்வொரு முடிவிலும் உழைக்கச் சொல்கிறது. மனிதர்கள் அப்படிச் சில வாரம் இருப்பார்கள், சில மாதம்கூட இருப்பார்கள். அதற்கு மேல் இழுத்துக்கொண்டே போனால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் யாரும் கேட்க மாட்டார்கள்.

## காற்றைச் சரிசெய்வது

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று உறுதியாக அறிவித்தது. தரையில் வட்டம் போட்டோம், மேசையைத் துடைத்தோம், பிளாஸ்டிக் தடுப்பு மாட்டினோம். ஜன்னலை மூடியே வைத்திருந்தோம். அந்த ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் இருவரும் எழுதிய திறந்த மடலுக்கு, அவர்களையும் சேர்த்து, 239 அறிவியலாளர்கள் துணை நின்றார்கள். காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அதன் பிறகும் அதிகாரபூர்வமான மொழி மாற வெகு காலம் பிடித்தது.

ஆதாரம் கண்ணெதிரே இருந்தது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அறிகுறியோடு இருந்தவர் ஒருவர். அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்ததாகக் கணக்கானது, இருவர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஒரு உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்றியது. அங்கே ஏசி அதே காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது, வெளிக்காற்று வர வழியே இல்லை. சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி இப்படித்தான்: காற்றைக் குளிர்விக்கும், மாற்றாது. ஏசி போட்டால் காற்று வருகிறது என்று நினைப்பவர்கள் இன்றும் ஏராளம்.

ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும். இருப்பதிலேயே மலிவான வழி, இன்றே தொடங்கலாம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அவ்வளவாகப் பிரயோசனமில்லை. எதிரெதிரே திறக்க வேண்டும். காற்று அசையாத நாளில் ஃபேன் வைத்துத் தள்ள வேண்டும். சிக்கல் எங்கே என்றால், வெளியே புகையும் தூசியும் இருந்தால் அதுவும் உள்ளே வரும். வெயில், குளிர், மழை, கொசு, தெருச் சத்தம் எல்லாம் வரும். அதனால்தான் காலையில் திறந்த ஜன்னலை பத்தரை மணிக்கு யாரோ சாத்திவிடுகிறார்கள். ஜன்னலை மட்டும் நம்பியிருக்கும் திட்டம் பெரும்பாலும் அப்படித்தான் தோற்கிறது.

இத்தாலியின் மார்கே பகுதியில் 2021-22 காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் 316 அறைகளில் மின்விசிறி வழியே வெளிக்காற்றை உள்ளே தள்ளும் அமைப்பு இருந்தது. ஜன்னலை மட்டும் நம்பிய அறைகளோடு ஒப்பிட்டால் அந்த அறைகளில் தொற்றும் அபாயம் குறைந்தது 74 சதவீதம் தாழ்ந்திருந்தது. ஒரு மாணவருக்கு நொடிக்குப் பத்து லிட்டருக்கு மேல் காற்று போன அறைகளில் 80 சதவீதத்தைத் தாண்டியது. யார் திறப்பது, யார் மூடுவது என்ற பேச்சே அங்கே இல்லை.

ஃபில்டர். ஹெப்பா என்ற மிக நுண்ணிய ஃபில்டர் வைத்த ஏர் பியூரிஃபையர், கிருமியைச் சுமக்கும் நுண்துகள்களைப் பிடித்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது சிஏடிஆர் என்ற எண். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்று அது சொல்லும். பெட்டியில் போட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கானது. உச்ச வேகத்தில் அது போடும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. ஆகவே குறைந்த வேகத்தில் ஓட்டுவார்கள், அல்லது அணைத்தே விடுவார்கள். தேவைக்குமேல் பெரியதாகவோ, ஒன்றுக்கு இரண்டாகவோ வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். காற்றில் மின்னூட்டம் ஏற்றும் ‘அயனைசர்’ என்று விற்பதைத் தவிர்த்துவிடுங்கள். சில வகைகள் ஓசோனை வெளியிடும், அது நுரையீரலுக்குக் கெடுதல்.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் இருவரின் பெயரில் 2020-ல் பரவிய, நாமே செய்துகொள்ளும் ஏர் பியூரிஃபையர் பெட்டி அது. மெர்வ் என்ற ஃபில்டர் தரவரிசையில் 13-ஆம் தரமுள்ள ஃபில்டர் நான்கைப் பக்கவாட்டில் நிறுத்தி, அடியில் அட்டை வைத்து, மேலே சதுர ஃபேனை வெளிப்பக்கம் ஊதும்படி கவிழ்த்து, இடைவெளியெல்லாம் டேப் போட்டு ஒட்டுவார்கள். அவ்வளவுதான். மேல்வகுப்புப் பிள்ளைகளே அரை மணியில் செய்துவிடுவார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: ஃபில்டர் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. கருவி 1,500 காட்டினாலும் ஃபில்டர் ஓடும் அறையில் கிருமி குறைவாக இருக்கலாம். அதே சமயம் அந்த அறையில் தூக்கம் வரும், தலை கனக்கும். இரண்டும் வேறு வேறு.

புற ஊதா விளக்கு. காற்றில் இருக்கும் கிருமியைச் செயலிழக்கச் செய்யும் ஒளி, அறையின் மேல்பகுதியில் மட்டும் விழும்படி மாட்டுவது. 1930-களின் கடைசியில் வில்லியம் வெல்ஸும் மில்ட்ரெட் வெல்ஸும் பிலடெல்ஃபியா பள்ளிகளில் இதை வைத்துப் பார்த்தார்கள். 1941-ல் தட்டம்மை பரவியபோது விளக்கு இருந்த வகுப்புகளில் பரவல் மிகக் குறைவாக இருந்தது. உயரமான கூரையும், சரியாகப் பொருத்தி அளந்து பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. காசநோய் வார்டுக்கு அருமையான வழி. சாதாரணப் பள்ளிக்கு நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

### காற்று எங்கே கைவிடும்

வெல்ஸ் முறையை அப்புறம் நியூயார்க் மாநிலத்துக் கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்தபோது பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஒரே பேருந்தில் நெருக்கியடித்துப் போய்வந்துகொண்டிருந்தார்கள்; வகுப்பறையில் தப்பியது பேருந்தில் ஒட்டியது. 2024-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவர் அறையிலும் ஹெப்பா கருவி வைத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது சுவாசத் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கருவி படுக்கையறையில் இருக்கும், அவர்கள் சாப்பிடுவதும் பேசுவதும் பொதுக்கூடத்தில். இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: இருக்கும் அறையைக் காட்டிலும், ஆட்கள் சேரும் அறையைப் பார்க்க வேண்டும்.

முகத்துக்கு முகம் பேசும்போது காற்றோட்டம் காப்பாற்றாது. எதிராளியின் மூச்சு அறைக் காற்றில் கலப்பதற்கு முன்பே உங்களை எட்டிவிடும். அந்த இடத்துக்கு முகத்தோடு ஒட்டிய என்95 முகக்கவசம்தான் பதில். முகக்கவசம் கட்டுப்பாட்டுக்கும் காற்றுக்கும் நடுவில் நிற்கும் ஒன்று. அறையையே மாற்றாமல் ஒருவருடைய மூச்சை மட்டும் சுத்தம் செய்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | கட்டுப்பாடு | ஜன்னல், எக்ஸாஸ்ட் | ஃபில்டர் | வெளிக்காற்று உள்ளே தள்ளும் அமைப்பு |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் நேரம் | ஓரிரு நாள் | இன்றே | சில நாள் | மாதங்கள் |
| எவ்வளவு காலம் தாங்கும் | சில வாரம் | பருவநிலை விடும்வரை | ஃபில்டர் மாற்றும்வரை | ஆண்டுக்கணக்கில் |
| தினமும் யார் வேலை | எல்லோரும் | அறையில் இருப்பவர்கள் | சுவிட்ச் போடுபவர் | பராமரிப்பு ஆள் |
| பில்லில் வராத செலவு | படிப்பு, வருமானம், தள்ளிப்போன சிகிச்சை | புகை, வெயில், கொசு | சத்தம், இடம், மாற்று ஃபில்டர் | மின்சாரம் |
| நோயின் வழி தெரியாதபோது | உதவும் | காற்றில் பரவினால் மட்டும் | காற்றில் பரவினால் மட்டும் | காற்றில் பரவினால் மட்டும் |
| தொற்று இல்லாத நாளில் | ஒன்றுமில்லை | புழுக்கம் குறையும் | தூசி, புகை குறையும் | தூக்கம் வராத வகுப்பு |

கடைசி வரிசையை நான் பின்னால்தான் சேர்த்தேன். பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, சளியும் ஃப்ளூவும் வருடா வருடம் வருகின்றன.

## எவ்வளவு காற்று போதும்

இந்த இடத்தில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023-ல் சொன்னது, மணிக்கு ஐந்து முறையாவது அறைக்காற்று மாற வேண்டும். ஒன்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். 162 கன மீட்டர். ஐந்து முறை என்றால் மணிக்கு 810 கன மீட்டர்.

காற்றோட்டப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே அதே ஆண்டு வெளியிட்ட 241-ஆம் தர விதி ஆளைக் கணக்கில் எடுக்கிறது: தொற்றுக் காலத்தில் வகுப்பறையில் ஒருவருக்கு நொடிக்கு 20 லிட்டர் சுத்தமான காற்று. வெளிக்காற்று, ஃபில்டர், புற ஊதா எல்லாவற்றையும் இதில் கூட்டிக்கொள்ளலாம். நாற்பது பிள்ளைகள் என்றால் மணிக்கு 2,880 கன மீட்டர்! முதல் கணக்கைப் போல மூன்றரை மடங்கு.

நெருக்கமான வகுப்பில் இரண்டாவது கணக்குதான் நியாயமானது என்பேன், மூச்சு விடுவது ஆட்கள்தானே. அதே அறையில் இருபது பேரை மட்டும் உட்கார வைத்தால் தேவை 1,440-க்கு இறங்கிவிடும். நல்ல ஃபில்டர் கருவி இரண்டு மூன்றோடு ஜன்னலும் சேர்ந்தால் எட்டிவிடலாம். பாதிப் பிள்ளைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்வது ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் காற்று சரியாக இருக்கும் பள்ளியில் அந்தச் சின்னக் கட்டுப்பாடே போதும், முழுதாக மூட வேண்டியதில்லை. உங்கள் குழுவின் இரு பக்கமும் சந்திக்கும் இடம் இது என்று நினைக்கிறேன்.

## யாருக்கு எது

புதிய கிருமி, மருந்தில்லை, மருத்துவமனை நிரம்புகிறது என்றால் முதல் வாரங்களில் கட்டுப்பாட்டை விட்டால் வழியில்லை. அதைத் தாமதிக்கக் கூடாது, முடியும் தேதியையும் அன்றே சொல்லிவிட வேண்டும். அந்த வாரங்களை அறைகளைச் சரிசெய்யப் பயன்படுத்தாவிட்டால் மூடியதே வீண்.

அலுவலகத்துக்கு: எல்லோரும் கூடும் கூட்ட அறையையும் சாப்பாட்டு அறையையும் முதலில் பாருங்கள். தனி மேசைகள் அப்புறம். மத்திய ஏசி இருந்தால் அதில் வெளிக்காற்று எவ்வளவு வருகிறது, என்ன தர ஃபில்டர் போட்டிருக்கிறது என்று பராமரிப்பவரைக் கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்: சளியோடு விருந்தினர் வருவதைத் தள்ளிப்போடச் சொல்வது சின்னக் கட்டுப்பாடு, பலன் பெரிது. வீட்டிலேயே ஒருவருக்கு வந்துவிட்டால் அவர் அறை ஜன்னலில் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், கதவைச் சாத்துங்கள்; அந்த அறைக் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போகும்.

பள்ளிக்கு: நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தைக் காற்றுக்கே போடுவேன். கட்டுப்பாட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் யோசனைதான்: எந்த நிலையில் பாதி வகுப்பு, எந்த நிலையில் முழு மூடல், யார் முடிவெடுப்பார், பாடம் எப்படிப் போய்ச்சேரும். அதைப் பேசி எழுதி வைக்கப் பணம் தேவையில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 கடைசியில் 169 தொடக்கப் பள்ளிகளைப் பார்த்தார்கள். காற்றோட்டத்தைச் சரிசெய்த பள்ளிகளில் தொற்று 39 சதவீதம் குறைவு, காற்றோட்டத்தோடு வடிகட்டலும் சேர்த்தவற்றில் 48 சதவீதம் குறைவு. ஆகவே ஜன்னலா ஃபில்டரா என்று மறுபடி சண்டை போட வேண்டாம், இரண்டும் வேண்டும். பள்ளிப் பேருந்தையும் மறந்துவிடாதீர்கள். அதன் ஜன்னலைத் திறந்து வைக்கச் செலவே கிடையாது.

எதையும் வாங்குவதற்கு முன் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான சில கருவிகள் வெறுமனே குத்துமதிப்பாக ஏதோ காட்டும். பள்ளியிலேயே நெரிசலான வகுப்பில், கடைசிப் பெஞ்சில், கடைசிப் பீரியடில், ஜன்னல் வழக்கம்போல எப்படி இருக்குமோ அப்படியே விட்டு, வைத்துப் பாருங்கள். மறுநாள் எதிரெதிரே திறந்து வைத்து அதே நேரத்தில் அளவெடுங்கள். இரண்டு எண்களையும் குழுவின் முன் வையுங்கள். முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள், எத்தனை ஃபில்டர் கருவி தேவைப்படும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.